ஈவோவுக்கு நான் சொல்லி எழுதின கடிதம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு அம்மை எறங்கி ரெண்டு மாசந்தான் ஆகுது, வெயில் பட்டா வடு கறுத்துரும்னு வீட்டுல உத்தரவு. அட, நகராதீங்க. மூணு தண்ணி ஊத்தியாச்சு, இனிமே யாருக்கும் ஒட்டாது. அந்தா, முன்னாடி பொம்பளைங்க சீட்ல பச்சைச் சேலையில ஒருத்தங்க திரும்பித் திரும்பிப் பாக்குறாங்கள்ல, அவங்கதான் வீட்டுல. பூங்கோதைன்னு பேரு. திண்டுக்கல்லு ஸ்டாண்டுல ஏறின கூட்டத்துல அவ அங்க மாட்டிக்கிட்டா, நான் இங்க மாட்டிக்கிட்டேன்.

நீங்க எதுவரைக்கும், பழனியா? அங்க இங்கிலீஷ் வாத்தியாரா, நல்லது. நாங்க கோயம்புத்தூரு. ஒரு கூட்டத்துக்குப் போறோம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என்னை மேடையில ஏத்தி ஒரு கடிதாசி படிக்கச் சொல்லியிருக்காங்க. நானே சொல்லி எழுதினது. அதுக்குத்தான் அவ அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறா. பயந்துபோயிருக்கா. மேடையில போயி யாரையாவது ஏதாவது சொல்லிடுவேனாம்.

நான் ரொம்பப் பொறுமைசாலி சார். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கோதைகிட்ட மட்டும் கேக்காதீங்க, அவளுக்கு என்னைப் பத்தி ஒரு எண்ணம் இருக்கு. பதினேழு வருஷமா மாத்திக்கவே மாட்டேங்கறா.

ஒரு நிமிசம். யாருய்யா அது, கால் மேல மூட்டையை எறக்குறது? இத்தனாம்பெரிய காலு கண்ணுக்குத் தெரியலையா? அரிசியா என்ன அது, அந்தப் பக்கம் தள்ளு. பாத்தீங்களா, நல்லபடியாச் சொன்னா கேக்குறாங்க.

என் பேரு சபாபதி. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன். திண்டுக்கல்லுல எங்க தெருவைத் தாண்டி என்னை ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பல்கேரியாவுல தெரியும், பிரேசில்ல தெரியும், வியட்நாம்ல தெரியும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். பத்து வருஷத்துக்கு முன்னாடி லேப்ல இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு சேதி சொல்லிக்கறதுக்காக ஒண்ணு எழுதினேன். புறான்னு பேரு வச்சேன். ஒரு கம்ப்யூட்டரு சொல்றதை இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தூக்கிட்டுப் போயிக் குடுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. சேதி என்னன்னு அது பிரிச்சுப் பாக்காது. பஸ்ல பார்சல் போட்டுவிடுற மாதிரி வச்சுக்கங்களேன். உள்ள சேலையா சீயக்காயான்னு டிரைவருக்கு எதுக்கு?

இந்த வேலையில ஒரு வழக்கம் இருக்கு சார். எழுதினதை மூடி வைக்கறதில்ல, ஊரு ஒலகத்துக்கே தொறந்து வச்சிடுவோம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், இந்த எடத்துல தப்பு இருக்குன்னு திருத்தியும் அனுப்பலாம். அனுப்பினதை நான் பாப்பேன். சரின்னா சேத்துக்குவேன், சரியில்லன்னா சரியில்லன்னு எழுதுவேன். எல்லாம் எழுத்துலதான், எல்லாரும் பாக்கத்தான். கடைசியில ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் சேத்துப் புதுசா வெளியிடணும். அதுக்கு என் கையெழுத்து வேணும். பேனாக் கையெழுத்து இல்ல, கம்ப்யூட்டர்ல ஒரு சாவி மாதிரி. அது என்கிட்ட மட்டுந்தான் இருக்கு.

இப்படி வந்து சேந்தவன்தான் ஈவோ. பல்கேரியாக்காரன். நாலு வருஷமாச் சம்பளமா சாதமா ஒண்ணும் இல்லாம எங்கூட உக்காந்து புறாவைப் பாத்துக்கிட்டான். மூஞ்சியைப் பாத்ததில்ல, குரலைக் கேட்டதில்ல. கெட்டிக்காரன். அதை நான் அவன்கிட்ட சொன்னதில்ல, சொன்னா வேலை கெட்டுரும்.

இப்ப, கோயம்புத்தூர்ல பம்புசெட்டு பண்ற கம்பெனி ஒண்ணு. தோட்டத்துக்காரரு வீட்டுல உக்காந்துக்கிட்டே போன்ல மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அந்தப் 'போடு'வையும் 'நிறுத்து'வையும் தூக்கிட்டுப் போறது நம்ம புறா. எனக்கு அது தெரியவே தெரியாது. நம்மளதை யாரு எடுத்து ஓட்டுறாங்கன்னு நமக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏதாச்சும் உடைஞ்சாத்தான் ஓடி வருவாங்க. அப்படித்தான் அந்தக் கம்பெனி என்ஜினியரம்மா தை மாசம் எழுதினாங்க, ஜோஸ்லின்னு பேரு. கரண்டு போயித் திரும்ப வந்தா சேதி முன்ன பின்ன மாறிப்போகுதுங்க, 'நிறுத்து' மொதல்ல போயிருது, பழைய 'போடு' அதுக்குப் பின்னாடி போயிச் சேருதுங்கன்னு. கெணத்துல தண்ணி இல்லாம மோட்டாரு சும்மாச் சுத்திச் சுத்தி காயில் கருகிப்போச்சாம். சோதனைத் தோட்டத்துல ரெண்டு மோட்டாரு போச்சு. மாசி முடியறதுக்குள்ள சரி பண்ணுங்க, கோடைக்கு நாங்க பம்பைச் சந்தையில எறக்கணும், இல்லைன்னா வேற ஒண்ணுக்கு மாறிக்கறோம்னு மரியாதையா எழுதியிருந்தாங்க.

அவங்க மாறிட்டா புறாவை வச்சு ஓடுற பெரிய எடம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல சார். காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி பத்து வருஷமா அதைத்தான் பாக்குறேன். அது ஒரு ஓரமாக் கெடந்து செத்துப்போகுங்கறதை என்னால தாங்க முடியாது.

ஈவோ அன்னிக்கே வழி கண்டுபிடிச்சு எழுதி அனுப்பிட்டான். என்ன வழி தெரியுமா? நான் மொத மொதல்ல எழுதின எடத்தையே தூக்கிடறது. ரெண்டு கம்ப்யூட்டரு பேச ஆரம்பிக்கும்போது ஒண்ணுக்கொண்ணு வணக்கம் சொல்லிக்கற மாதிரி நான் வச்சிருந்தேன். கரண்டு போயி வந்தா மறுபடி வணக்கம் சொல்லி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். மனுசங்களும் அப்படித்தானே? அதெல்லாம் வேணாம், ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பரு போடு, திரும்பி வந்ததும் எந்த நம்பருல விட்டமோ அங்கேருந்து தொடரட்டும், வணக்கமே வேணாங்கறான் இவன். எனக்கு எப்படி இருக்கும்? பொறுமையா ஒரே ஒரு வரி எழுதினேன். நேத்துச் சைக்கிள் பழகினவன் எனக்கு லாரி ஓட்டச் சொல்லிக்குடுக்க வேண்டாம்னு. அதுவும் எல்லாரும் பாக்கற எடத்துலதான் எழுதினேன், முதுகுக்குப் பின்னாடிப் பேசற பழக்கம் நமக்கு இல்ல.

மறுநாள் அவன் எழுதினான். நாலு வருஷம் சேந்து வேலை பாத்ததுக்கு நன்றி, இனிமே வரமாட்டேன்னு. ஒரு சின்ன விசயத்துக்கு எப்படிக் கோவிச்சுக்கறாங்க பாருங்க.

சரி, நானே சரி பண்ணிக்கறேன்னு உக்காந்தேன். மாசி பொறந்துச்சு. ஒரு நாள் முதுகுல ரெண்டு கொப்புளம். சாயங்காலம் பாத்தா நெத்தியில, கழுத்துல, கண்ணு எமையில. கண்ணைத் தொறக்க முடியல. நாப்பத்தி நாலு வயசுல அம்மை வந்தா எப்படி வரும்னு எதிரிக்கும் தெரிய வேண்டாம். டாக்டரு மாத்திரை குடுத்து மூணு வாரம் படுங்கன்னாரு. கோதைக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு, அதனால அவளே பாத்துக்கிட்டா. காஸ் ஏஜென்சியில லீவு சொல்லிட்டா. அங்க போன் எடுக்கறது அவ வேலை. சிலிண்டரு வரலைன்னு ஊரே அவளைத்தான் திட்டும். பதினோரு வருஷமாத் திட்டு வாங்குறா, ஒருத்தரைக்கூடத் திருப்பித் திட்டினதில்ல. அவகிட்டப் பேசி முடிக்கறப்ப திட்டினவங்களே நன்றிம்மான்னு வைப்பாங்க. எனக்கு அது புரியவே புரியாது.

வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. வேப்பிலைப் பாயில என்னைப் படுக்கப் போட்டாச்சு. வீட்டுல தாளிப்புக் கெடையாது, கடுகு வெடிக்கற சத்தம் கேட்டு மூணு வாரம் ஆச்சு. இளநி, கூழு, மறுபடி இளநி. லேப்டாப்பைக் கேட்டேன். கண்ணு வீங்கிக் கெடக்கு, திரையைப் பாக்கக் கூடாதுன்னுட்டா. ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணு தேவலை, குடுன்னேன். அந்தப் பை தோல் பை, ஆத்தா வந்திருக்கற ரூமுக்குள்ள தோல் வரக்கூடாதுன்னுட்டா. பையை விட்டுட்டு லேப்டாப்பை மட்டும் குடுன்னேன். பேசாமப் படுங்கன்னுட்டா.

கடைசியில ஒரு வழிக்கு வந்தோம். அவ வாசப்படிக்கு வெளிய லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காருவா. வந்ததைப் படிச்சுக் காட்டுவா. நான் உள்ள படுத்துக்கிட்டுத் தமிழ்ல பதில் சொல்லுவேன். அவ இங்கிலீஷ்ல எழுதி அனுப்புவா. தபால்ல எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சவ சார், டைப்பிங்கும் லோயர் பாஸ். ஆனா ஒரு நிபந்தனை போட்டா. ஆத்தா வீட்டுல இருக்கும்போது கடுஞ்சொல்லு ஆகாதுங்க, யாரையும் மனசு நோகப் பேசக்கூடாதுன்னா. அது வீட்டுக்குள்ள பேசறதுக்கு, இன்டர்நெட்டுக்கு ஆத்தா வரமாட்டா, சொன்னதைச் சொன்னபடி எழுதுன்னேன். சரிங்கன்னா.

மொதக் கடிதாசி ஈவோவுக்கு. அந்த ஜோஸ்லினம்மா தேதி கேட்டு மறுபடி எழுதிட்டாங்க, நான் படுத்துக் கெடக்கேன், அவன் எழுதினது பாதியில நிக்குது, வேற வழியில்ல. நான் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு. 'ஏம்ப்பா, பாதிச் சாப்பாட்டுல எலையை விட்டு எந்திரிக்கறது எந்த ஊருப் பழக்கம்? வேலையை முடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் கோவிச்சுக்க. உன்னை விட்டா எனக்கு ஆளில்லன்னு நெனைக்காத. நான் எழுதின எடத்துல கை வைக்கும்போது யோசிச்சுக் கை வை.' நாலே வரி. நான் சொல்லி முடிச்சு, இளநி குடிச்சு, கொஞ்சம் கண்ணசந்து எந்திரிக்கறேன், இன்னும் டைப் அடிக்கற சத்தம் கேக்குது. நாலு வரிக்கு எதுக்கு இத்தனை நேரம்னேன். இங்கிலீஷ்ல சொல்றதுன்னா கொஞ்சம் நீளுங்கன்னா. அதுவும் சரிதான்.

மறுநாள் பதில் வந்துச்சு. கடிதத்தை நானும் என் மனைவியும் ரெண்டு தடவை படிச்சோம், நான் திரும்பி வர்றேன், உடம்பைப் பாத்துக்கங்கன்னு எழுதியிருந்தான். பாத்தியா கோதை, நாலு வரி உறைக்கற மாதிரி சொன்னாத்தான் வேலை நடக்கும்னேன். அவ ஆமாங்கன்னு சொல்லிட்டுக் கூழு கரைக்கப் போயிட்டா.

அந்த மூணு வாரந்தான் சார் எனக்குப் பாடம். அதுவரைக்கும் நான் எல்லார்கிட்டயும் ரொம்ப இளக்கமா இருந்துட்டேன் போல. படுக்கையில கெடந்து எரிச்சல்ல நல்லா நறுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சதும் கூட்டம் பிச்சுக்கிட்டு வருது. வியட்நாம்லேருந்து ஒருத்தன் ஒரு திருத்தம் அனுப்பினான். கோதை படிச்சுக் காட்டினா, தலையும் இல்ல வாலும் இல்ல. இதை எழுதினவன் இனிமே கீபோர்டைத் தொடக்கூடாதுன்னு எழுதுன்னேன். அவன் பதில் போடறான், இவ்வளவு பொறுமையா எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, நீங்க சொன்னபடி திருத்தி அனுப்பறேன்னு. கிண்டலு. வெளிநாட்டுக்காரங்களுக்குக் கிண்டல் ஜாஸ்தி. ஆனா திருத்தி அனுப்பிட்டான், சரியாவும் இருந்துச்சு. பிரேசில்காரன் ஒருத்தன், ரெண்டு வருஷமாக் காணாமப் போயிருந்தவன், உங்க வார்த்தை மனசைத் தொட்டுச்சுன்னு வந்து நிக்கறான். நான் அவனை ஓடுகாலின்னு சொன்னேன் சார். மாசி முடியறதுக்குள்ள பதினோரு பேரு புதுசா வந்து சேந்தாங்க. கண்டிப்புன்னா அதான்.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. நானும் வேண்டாம், அவ பாத்தாச் சூடு ஆகாதுன்னு சொல்லுவா.

அப்புறம் ஓட்டு வந்துச்சு. புதுசா வெளியிடறதுக்கு முன்னாடி எங்கள்ல முக்கியமான ஆளுங்க ஓட்டுப் போடணும். மூணு பேரு சரின்னு சொல்லணும், அதுக்கு மூணு நாள் அவகாசம். ஆனா ஒரே ஒருத்தர் எதுத்துப் போட்டாலும் எல்லாம் நின்னுரும். ஈவோ சொன்னபடி முடிச்சுட்டான். நம்பரு போட்டு, வணக்கத்தைத் தூக்கிட்டு. கோதை ஒவ்வொண்ணாப் படிச்சா. என் வணக்கம் பதினோரு வரி சார். அந்தப் பதினோரு வரி மேலயும் செவப்புக் கோடு போட்டிருக்குங்கன்னா. என் ஓட்டு எதிர் ஓட்டுன்னு எழுதுன்னேன்.

அவ எழுதல. காரணம் என்னங்கன்னு கேட்டா. காரணம் எதுக்குன்னேன். நீங்கதாங்க சட்டம் போட்டு வச்சிருக்கீங்க, எதுத்து ஓட்டுப் போடறவங்க வேலை சம்பந்தமாக் காரணம் சொல்லணும், இல்லைன்னா அந்த ஓட்டுச் செல்லாதுன்னு, ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்களே எழுதினதுன்னா. படுபாவி, சட்டத்தை முழுசாப் படிச்சிருக்கா. அந்தக் காலத்துல ஒருத்தன் எல்லாத்துக்கும் மாட்டேன் மாட்டேன்னு முட்டுக்கட்டை போட்டான், அவனை அடக்கறதுக்காக நான் எழுதினது அது. எனக்கே வந்து நிக்குது.

யோசிச்சேன். மெதுவாப் போகுமான்னா, இல்ல, வேகமாத்தான் போகும். உடையுமான்னா, உடையாது. ஒரு மணி நேரம் வேப்பிலையால முதுகைத் தடவிக்கிட்டு யோசிச்சேன். அவ வெளிய உக்காந்தே இருக்கா. கடைசியில நான் எழுதினது, அதான் காரணம்னேன். அதையே எழுதட்டுங்களான்னா. எழுதுன்னேன். இந்தத் தடவை டைப் அடிச்சு ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டா. என்ன எழுதினன்னு கேட்டேன், படிச்சா. 'நான் எதிர்க்கிறேன். காரணம்: அது நான் எழுதியது.' சுருக்கமா, நல்லா இருந்துச்சு.

செல்லலை சார். சட்டப்படி செல்லாது. ஆனா யாரும் செல்லாதுன்னு எழுதல. ஈவோ எழுதினான், இப்படி ஒரு நேர்மையான காரணத்தை நான் எங்கயும் பாத்ததில்ல, உங்க கண்ணு சரியாகட்டும், நீங்களே ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் நாங்க காத்திருக்கோம்னு. அந்த ஜோஸ்லினம்மாவும் பங்குனி பதினஞ்சு வரைக்கும் காத்திருக்கோம்னுட்டாங்க.

மூணாந்தண்ணி ஊத்தின அன்னிக்கு, தலை ஈரங்கூடக் காயல, லேப்டாப்பை வாங்கி உக்காந்தேன். யாரும் படிச்சுக் காட்டாம, யாரும் பேசாம, அவன் எழுதினதை மொத வரியிலேருந்து படிச்சேன். நல்லா எழுதியிருந்தான் சார். ரொம்ப நல்லா எழுதியிருந்தான். கரண்டு போச்சுன்னா, திரும்பி வந்ததும் விட்ட எடத்துலேருந்து, எதுவுமே நடக்காத மாதிரி தொடருது. அந்தப் பதினோரு வரி அங்க தேவையே இல்ல. எனக்குச் சந்தோசமாவும் இருந்துச்சு, கொஞ்சம் அழுகையாவும் இருந்துச்சு. கையெழுத்தைப் போட்டேன். கோதை அன்னிக்கு ரசம் தாளிச்சா. அந்த வாசனைக்கே ரெண்டு கரண்டி சோறு கூடப் போச்சு.

இப்ப அந்தப் பம்பு ஆயிரத்துச் சொச்சம் தோட்டத்துல ஓடுதாம். அதுக்குத்தான் கூட்டம். புறாக்காரங்க எல்லாரும் ஒரு தடவையாவது நேர்ல பாத்துக்குவோம்னு ஜோஸ்லினம்மா ஏற்பாடு. ஈவோ பல்கேரியாவுலேருந்து சம்சாரத்தோட வந்து நேத்தே எறங்கிட்டான். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கான், மாசி மாசம் எனக்கு வந்த கடிதத்தை எழுதினவரே மேடையில படிக்கணும்னு. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் மொதல்ல படிக்கச் சொல்றானாம்.

நல்லதுதானே? எப்படிக் கண்டிக்கணும்னு நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும். ஆனா கோதை காலையிலேருந்து ஒரு மாதிரி இருக்கா. தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிடுங்களேங்கறா. ஈவோ அந்தக் கடிதத்தைப் பத்திப் பேசினா ஆமான்னு மட்டும் சொல்லுங்கங்கறா. எதுக்குடி, நான் சொன்னதைத்தானே நீ எழுதினன்னு கேட்டேன். ஆமாங்கன்னுட்டு ஜடையைப் பின்ன ஆரம்பிச்சுட்டா.

அனுப்பினதை நான் திரும்ப எடுத்துப் படிச்சதே இல்ல. நான் சொன்னது எனக்குத் தெரியாதா? அந்த ஜோஸ்லினம்மா மேடைக்குன்னு காலையில போனுக்கு அனுப்பியிருக்காங்க. ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துக்கலாம்னா, எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, கண்ணாடி அவ பையில கெடக்கு. நீங்க இங்கிலீஷ் வாத்தியாருன்னு சொன்னீங்கள்ல? கொஞ்சம் படிங்களேன். தமிழ்லயே சொல்லுங்க, இங்கிலீஷ்ல கேட்டா எனக்கு வேகமா ஏறாது.

'அன்புள்ள ஈவோ'வா? அன்புள்ளன்னு நான் சொல்லல. அது சும்மாப் போடற வழக்கம், மேல படிங்க.

'உங்கள் இலை இன்னும் இங்கே போட்டபடியேதான் இருக்கிறது. வேறு யாரையும் அதில் உட்கார வைக்கவில்லை.' ம். எலையைப் பத்தி நான் சொன்னேன் சார். எலைன்னு சொன்னேன். கொஞ்சம் மாத்தி வந்திருக்கு.

'முடித்துக் கொடுத்த பிறகும் உங்களுக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். அது உங்கள் உரிமை.' ஆமா, அப்புறம் கோவிச்சுக்கன்னு சொன்னேன். சொன்னேனே.

'உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.' இல்ல சார், அப்படி இல்ல. ஆளில்லன்னு நெனைக்காதன்னு... நல்லாப் பாருங்க, அப்படியா இருக்கு? நெசம் என்னவோ நெசந்தான். ஆளு இல்லதான். படிங்க.

'பத்து வருடமாக என் கையில் இருப்பதை வேறு ஒருவர் தொட்டால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. பயம் வந்தால் கத்திவிடுகிறேன். உங்களிடம் மட்டும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். கத்தி முடித்த பிறகு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.'

வீட்டிலும் அப்படித்தான்னா இருக்கு?

இன்னொரு தடவை படிங்க. அந்த ஒரு வரி மட்டும்.

இதை நான் சொல்லல சார். நாலு வரிதான் சொன்னேன். வாசப்படியில உக்காந்துக்கிட்டு அடிச்சுக்கிட்டே இருந்தா, நான் தூங்கி எந்திரிச்சும் அடிச்சுக்கிட்டே இருந்தா. எதுக்கு இத்தனை நேரம்னு நான் கேட்டேன். அதையும் கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்.

பதினேழு வருஷம் சார். ஒரு நாளும் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் என்னமோ அவளுக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேன். கஷ்டமா இருக்கு சார். இல்ல, பரவால்ல. தூசி இல்ல, அழுகைதான். போனைக் குடுங்க.

நாளைக்குப் படிச்சிடறேன். எல்லா வரியும் படிச்சிடறேன், அந்த வரியையும் சேத்து. நான் எழுதின கடிதாசிதானே. என் பேரைத்தான் கீழ போட்டிருக்கா.

பழனி ஸ்டாண்டு வந்துருச்சு, பாத்து எறங்குங்க. அந்தா, அவ பக்கத்துல இருந்த அம்மாவும் எறங்கறாங்க. தம்பி, மூட்டைக்காரத் தம்பி, கொஞ்சம் வழி விடுப்பா. முன்ன சத்தம் போட்டேன், மனசுல வச்சுக்காத. நான் முன்னாடி போகணும். கண்ணாடி வேணும்னு போயி உக்காந்துக்கறேன் சார். ஈவோவுக்குப் படிக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை அவளுக்குப் படிச்சுக் காட்டணும்.